பிரித்த வரிசைகள்

நான்தான் பிரித்தேன். கலா அக்கா தன் பேரக்குழந்தைக்காக மாதக்கணக்கில் பின்னிக்கொண்டிருந்த கம்பளிப் போர்வையை, அவளுக்குத் தெரியாமல், தினமும் நாலு வரிசை பிரித்தவள் நான்தான்.

அக்கா என் ஓர்ப்படி. கணவரின் அண்ணன் மனைவி; அந்த அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. ஆம்பூரில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் மகள் ரம்யாவுக்குப் பெங்களூருவில் வேலை, பிரசவமும் அங்கேயே என்று முடிவாகியிருந்தது. "அந்தக் குளிருக்குக் குழந்தைய நான் பின்னுனதுலதான் போத்தணும்" என்று குரோஷா ஊசியை அக்கா கையைவிட்டு இறக்கமாட்டாள். போர்வை முடிந்ததும் அதோடு போய், பேரப்பிள்ளையை அங்கேயே இருந்து வளர்ப்பதாகத் திட்டம்.

ஏன் பிரித்தேன்? பொறாமையா? ஆம், பொறாமைதான்... வேறு நல்ல பெயர் தேடமாட்டேன்! ரம்யாவின் வளைகாப்பில் நான் வளையலோடு முன்னே போனபோது, "நீ இரும்மா, பிள்ள பெத்தவங்க போடட்டும்" என்று அத்தனை பேர் நடுவே அக்கா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே வளையலைத் தட்டில் வைத்தேன்.

ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. கோணிப்போன தையலைத் தடம் தெரியாமல் பிரித்துக் கொடுப்பேன். எனக்குப் பின்னத் தெரியாது. அதனால் என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் அக்கா பாலுக்குப் போவாள். கம்பெனி பஸ் வர இருபது நிமிடம் இருக்கும். கடைசிக் கண்ணியை இழுத்தால் போதும், வரிசை வரிசையாய் வந்துவிடும்... எவ்வளவு சுலபம்! சொல்லிவிடுகிறேன், இன்பமாகவும் இருந்தது.

ஒரே வாரத்தில் அக்கா குழம்பிப்போனாள்.

"நேத்து அறுவத்திரெண்டு வரிசை எண்ணனேன்டி. இன்னிக்கு இன்னா, அம்பத்தெட்டுதான் இருக்கு?"

"தப்பா எண்ணிருப்பக்கா."

பிரித்த நூல் நெளிந்து நெளிந்து கிடக்கும். புது நூல் அப்படி இருக்காது. ஒருநாள் அக்கா அதைக் கண்டுகொண்டாள். "இது பிரிச்ச நூலாச்சே..." என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ நூலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "நானேதான் பிரிச்சிருக்கேன் போல. ஞாபகமே இல்லையே!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாக்கா. நேத்துகூட நீ பிரிச்சிட்டிருந்தத பாத்தேனே."

அதன்பின் நான் பிரிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை அக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். தனியாகத் தெருவில் இறங்க அஞ்சினாள். வேலூருக்கு அழைத்துப் போனோம். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அக்கா அவரை நம்பவில்லை, என்னைத்தான் நம்பினாள். போர்வை பாதியில் நின்றது. பிரசவத்துக்கும் அவள் போகவில்லை, சம்பந்தியம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

போன மாதம் ரம்யா குழந்தையோடு வந்தாள். "தூக்கும்மா" என்று நீட்டினாள். அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா. எங்கியாவது வெச்சிட்டு மறந்துடுவேன்... சித்திகிட்ட குடு."

சொல்லும்போதே அவள் கண்கள் குழந்தையின் முகத்தை விட்டு நகரவில்லை. நீங்களாக இருந்தால் அந்த நொடியில் வாயைத் திறந்திருப்பீர்கள், இல்லையா?

நான் திறக்கவில்லை. கைகளை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.