மதிய வெயிலுக்கு ஒரு வேட்டி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல் ஏறியது மகளின் மூச்சுக்காக. அப்போது அவள் நான்காம் வகுப்பு. வீசிங் வந்தால் நெபுலைசரில் மருந்தை ஊற்றி, முகத்தில் மாஸ்க்கை மாட்டிப் புகை வைக்க வேண்டும். அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஆரணியில் கரண்ட் எப்போது போகும் என்று ஓரளவு தெரியும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீசிங் அதையெல்லாம் விசாரித்துக்கொண்டு வருவதில்லை.

வேலூரிலிருந்து வந்து பேனலையும் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் மாட்டியவர், "வெயில்ல இருந்தா போதுங்க, வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாம்மா, சூரியனையே வூட்டுக்குக் கட்டிக்கினு வந்துட்டீங்க. எங்க துணி காயறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்றார்.

என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பேனலைத் தடவிப் பார்த்து, "நேவி ப்ளூ. நல்லா ஏறியிருக்கு" என்றார். அவர் சொன்னது சாயத்தை. நான் கரண்டைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளிலேயே பேட்டரி சோர்ந்தது. ஒரு டியூப்லைட்டுக்கே மூச்சு வாங்கியது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்தோம். மாட்டியவருக்குப் போன் செய்தேன்.

"மர நிழல் விழுதாங்க?"

"மரமே இல்லீங்க."

"அப்போ நல்லா வரணுமே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு சித்திரை மாதத்து மதியம், கரண்ட் போயிருந்த நேரத்தில், மகளுக்கு இழுப்பு வந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. மாஸ்க்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். மெஷின் சிறிது உறுமியது, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது, இரண்டும் நின்றன. வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது.

ஒயர் ஏதும் பிடுங்கிக்கொண்டதோ என்று மாடிக்கு ஓடினேன். பேனல்களின் மேல் கணவரின் பழைய வேட்டி, இரட்டையாக மடித்துப் போர்த்தி, நான்கு முனையும் ஸ்டாண்டு கால்களில் கட்டியிருந்தது. முடிச்சுகள் நன்றாக இருந்தன.

சாயப்பட்டறை எதிர்ச் சந்தில்தான். மாடியிலிருந்தே கத்தினேன். முழங்கை வரை சிவப்புச் சாயத்தோடு ஓடி வந்தார்.

"இது யாருங்க கட்டினது?"

"நான்தான். தினம் கட்டறேன். உச்சி வெயில்ல எந்த நீலம் நிக்கும்? நூலையே நாங்க நிழல்லதான் காய வைக்கிறோம். வெயில் தணிஞ்சா அவுத்துடுவேன்."

"வெயில்லதாங்க கரண்டே வரும்!"

"காலைல அடிக்கிறது இன்னா, நிலாவா?"

வேட்டியை இழுத்து எறிந்துவிட்டுக் கீழே வந்தேன். பேட்டரி உடனே நிமிர்கிற ஜாதி இல்லை. மகள் மாஸ்க்கைக் கழற்றி, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்து, "சண்டை... அப்புறம்... போடுங்க" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

அவர் அவளைத் தூக்கினார். ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார வைத்தோம். ஜெனரேட்டர் இருக்கும் கிளினிக்குக்குப் போகும்வரை "ஜல்தி, ஜல்தி" என்று அவரை விரட்டிக்கொண்டே இருந்தேன்.

கிளினிக்கில் நர்ஸ் அவர் கைகளைப் பார்த்தார். மகளின் சட்டையிலும் கழுத்திலும் சிவப்பு அப்பியிருந்ததைப் பார்த்தார். பஞ்சை எடுத்து, "எங்கங்க அடி? எந்த வண்டி இடிச்சது?" என்று கழுத்தில் காயம் தேட ஆரம்பித்தார்.

"சாயம்மா, அது சாயம்! இவளுக்கு வீசிங்!"

"தலையில அடி ஏதாச்சும்?"

"என்னைத்தான் அடிக்கணும்" என்றார் கணவர். நர்ஸ் அவரையும் உட்காரச் சொன்னார்.

டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்த பிறகுதான் பஞ்சு நகர்ந்து மாஸ்க் வந்தது. ஜெனரேட்டர் இரைச்சலில் மெஷின் ஓடும் சத்தம் காதில் விழவில்லை. அதனால் அவள் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஏறி ஏறி இறங்கிய தோள்கள், ஒரு கட்டத்தில் ஏறவில்லை. அப்படியே தூங்கிப்போனாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். டாக்டர் என் கையை எடுத்துவிட்டார். நான் மறுபடி வைத்தேன்.

இப்போது அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். வீசிங் வந்து பல வருஷம் ஆகிறது. போனில் ஆபீஸ் கதை சொல்வாள். கதையை நான் பாதிதான் கேட்கிறேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சு ஒழுங்காகப் போய் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இன்னாம்மா, லைன்ல இருக்கியா?" என்பாள்.

"இருக்கேன். நீ பேசு" என்பேன்.