ரோஷன் பீவி தலையணை

"கொஞ்சம் கையைத் தூக்குங்க மாப்புள்ளை" என்று சொல்லிவிட்டு, முதலியார்பேட்டைக் கல்யாண வீட்டில் மணமகன் சாய்ந்திருந்த திண்டின் மூலையைக் கிள்ளிப் பார்க்கிறாள் ரோஷன் பீவி. நாயனக்காரர் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம். பெண் வீட்டார் பதறுகிறார்கள், பிள்ளை வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பீவி இரண்டு தரப்பையும் கண்டுகொள்வதில்லை. இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, தையலில் இரண்டு கண்ணியை மட்டும் வெட்டுகிறாள். சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கொஞ்சம் பஞ்சை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.

"மேலால புதுசு, உள்ள பழசு. நல்லா ஏமாந்தீங்க போங்க" என்று பெண்ணின் தகப்பனாரிடம் சொல்கிறாள். அதற்கப்புறம், வெள்ளைத் துப்பட்டியின் தோள்பக்கம் எப்போதும் குத்தி வைத்திருக்கும் நூல் கோத்த ஊசியை எடுத்து, பிரித்த இடத்தைப் பழையபடி தைத்து மூடிவிட்டுத்தான் பந்திக்குப் போகிறாள். இலை போட்டு யார் கூப்பிட்டாலும் சரி, தையல் முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். "பிரிச்சுப் போட்டுட்டு அப்படியே போவறதுக்கு நான் இன்னா எலியா?" என்பது அவள் கேள்வி.

இந்தப் பழக்கத்தால் அவளுக்குக் கிடைத்த கெட்ட பெயர் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளை பெற்றவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தாயின் தலையணையைத்தான் முதலில் தொடுவாள், குழந்தையை அப்புறம் பார்ப்பாள். பீவி வருகிறாள் என்றால் தலையணையை அலமாரியில் வைத்துப் பூட்டுகிற வீடுகள் ஊரில் இருக்கின்றன. அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்கிறாள். அடக்கம் என்கிற சரக்கு அவளிடம் கிடையாது. "பாண்டிச்சேரியில பாதிப் பேரு தூங்கறது என் தயவுல" என்று வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வாள். மீதிப் பாதி எப்படித் தூங்குகிறது என்று கேட்டால், "அது தூக்கமா?" என்பாள்.

பஞ்சாலையின் பெரிய மதில் முடிகிற சந்தில் இருக்கிறது அவளுடைய கொட்டகை. தன் கைக்காப்பை விற்றுப் போட்டது. உள்ளே புருஷன் உசேன் வில்லால் பஞ்சடித்துக்கொண்டிருப்பார். அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை, வில்தான் பேசும். சுற்றி அமிர்தவல்லியும் மற்றப் பெண்களும் பஞ்சு ஆய்வார்கள், அடைப்பார்கள், தைப்பார்கள். அவர்கள் போடுகிற தலையணைக்குப் பெரிய கடைத்தெருவில் 'ரோஷன் பீவி தலையணை' என்றே பெயர். இப்போது பஞ்சு விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருகிறது. அந்த ரயில் கூலியால் லாபத்தில் பாதி போய்விடுகிறது. காது கிழிய ஒரு பஞ்சாலைச் சங்கு பக்கத்திலேயே ஊதும்போது விழுப்புரத்துக்கு ஏன் போக வேண்டும்? கேட்கிறவர்களுக்கு பீவி பதில் சொல்வதில்லை. ஊர் சொல்கிறது.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவள் அந்த ஆலையில்தான் பஞ்சு வாங்கினாள். நூல் நூற்கும்போது உதிர்ந்துபோகிற பஞ்சு, நூலுக்கு ஆகாது, தலையணைக்கு அமிர்தம். சனிக்கிழமை சாக்கோடு வாசலில் போய் நின்று, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார முசியேவுக்கு 'போன்ழூர்' என்று அவன் பாஷையில் ஒரு வணக்கம் போட்டால் தராசில் வைத்து நிறுத்துக் கொடுப்பான். அவனை நல்லவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் விற்றான், இவள் வாங்கினாள். யாருக்கும் யாரும் வாழ்வு கொடுத்ததாகப் பேச்சில்லை.

கொடி மாறியது. சில வருஷங்களில் ஆலையும் கை மாறியது. புதிதாக வந்த கம்பெனி மிகப் பெரியது. ஊருக்கு நல்லது செய்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தது. அதற்கென்றே ஜானகிராமன் என்று ஒரு வெல்பேர் ஆபீசரைப் பட்டணத்திலிருந்து அழைத்து வந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு. அவர் ஒரு நாள் கொட்டகைக்குள் குனிந்து வந்து, சாக்கின் மேலேயே உட்கார்ந்து, பீவியை "முதலாளியம்மா" என்று அழைத்தார். அதில்தான் அவள் விழுந்தாள். பிறந்தது முதல் அவளை அப்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை. உள்ளூர்த் தொழிலைத் தூக்கிவிடுவது கம்பெனியின் கடமை என்றும், இனிமேல் பஞ்சு இலவசம் என்றும், பதிலுக்குக் கொட்டகையின் மேல் ஒரு பலகை மாட்டினால் போதும் என்றும் சொன்னார். கம்பெனியின் பெயர் பெரிதாகவும், 'ஆதரவில் நடைபெறும் மகளிர் தொழில் நிலையம்' என்பது அதற்குக் கீழேயும் எழுதிய பலகை. அதை ஆணியடிக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டது பீவிதான்.

முதலில் சில மூட்டைகள் வெள்ளைவெளேரென்று வந்தன. போட்டோ பிடிக்கிறவன் வந்து போனான். அவன் போன பிறகு வெள்ளைப் பஞ்சும் போய்விட்டது. அது பம்பாய்க் காண்டிராக்டர் ஒருவருக்கு மொத்தமாக லாரி ஏறியது. கொட்டகைக்கு வந்தது ஆலையின் தரையைப் பெருக்கி அள்ளிய பஞ்சு. எண்ணெய்ச் சிக்கு, உடைந்த நூற்குழல், பீடித் துண்டு, வெற்றிலை எச்சில், இயந்திரத்திலிருந்து தெறித்த கம்பித் துணுக்கு எல்லாம் அதில் இருந்தன. குப்பையை அள்ளிக் கொட்டக் கூலி கொடுக்க வேண்டிய செலவு கம்பெனிக்கு மிச்சம். அதற்குப் பெயர் தருமம்.

பீவி சாக்கையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு பழையபடி வாசலுக்குப் போனாள். இலவசம் வேண்டாம், விலைக்குக் கொடுங்கள் என்றாள். இலவசமாக வாங்குகிறவர்களுக்கு விலைக்கு விற்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். இலவசத்தை நிறுத்திவிடுங்கள் என்றாள். அதை நிறுத்தினால் திட்டம் என்ன ஆவது என்று ஜானகிராமன் வருத்தத்தோடு கேட்டார். இப்படி ஒரு நியாயம் பிரெஞ்சுக்காரனுக்குக்கூடத் தோன்றவில்லை!

தலையணைக் கணக்கில் கூலி வாங்குகிற பெண்கள் நாள் முழுக்கக் குப்பை பொறுக்கினார்கள். மாலையில் ஒரு தலையணை நிறைந்தால் பெரிது. எல்லோருக்கும் இருமல். அமிர்தவல்லியின் உள்ளங்கையை ஒரு கம்பி கிழித்து, அது பழுத்து, ஊசி பிடிக்க முடியாமல் அவள் கொட்டகை மூலையில் உட்கார்ந்திருந்தாள். கடைத்தெருவில் பாயும் தலையணையும் விற்கிற மஜீத், போன சரக்கைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தார். அதை அவர் வாயாலேயே கேட்க பீவி நேரில் போனாள்.

"தங்கச்சி, உன் பேரைச் சொல்லித்தான் வித்தேன். இனிமே உன் பேரைச் சொன்னா வாங்கறவன் கிள்ளிப் பாக்கறான்" என்றார் மஜீத்.

ஊரார் தலையணையை எல்லாம் கிள்ளிப் பார்த்தவள் அதைக் கேட்டுவிட்டு நின்றாள். நின்ற இடத்தில் எதிரே சுவரில் கம்பெனியின் காலண்டர் தொங்கியது. அதில் அவளுடைய கொட்டகை. 'எம்மால் வாழ்வு பெற்ற மகளிர்' என்று மேலே போட்டிருந்தது. மஜீத்தான் படித்துச் சொன்னார். உசேனின் வில்லுக்குக் கீழே 'கம்பெனி வழங்கிய கருவி' என்றிருந்தது. அவருடைய தகப்பனாரின் கை பட்டு வழவழத்துப் போன வில் அது. பிற்பாடு வீட்டில் சேதி கேட்ட உசேன் "அது எங்க அத்தா வில்லு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. காலண்டர் படத்தின் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தது அமிர்தவல்லி. அவளுக்கு வேலை கொடுத்ததும் கம்பெனியாம். புது மிஷின் வந்தது என்று சொல்லி அவள் புருஷன் கலியபெருமாளைத் தறியிலிருந்து வெளியே தள்ளியதும் அதே கம்பெனிதான். அதற்குக் காலண்டர் அச்சடிக்கவில்லை. புருஷன் வேலையைப் பிடுங்கிக்கொண்டு, பெண்டாட்டி தானாகத் தேடிக்கொண்ட வேலையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பீவி அந்தக் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆலையின் ஆண்டு விழா வந்தது. சர்க்காரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தலைமை. அவருடைய நாற்காலிக்கு ஒரு மெத்தை, பச்சை வெல்வெட்டில், கம்பெனி முத்திரையைப் பூவேலை செய்து தைத்துத் தர வேண்டும் என்று ஜானகிராமன் வந்து நின்றார். நல்ல இலவம் பஞ்சாகக் கடையில் வாங்கிப் போடச் சொன்னார். செலவு கம்பெனியுடையது என்றார்.

"ஏன் சார், நீங்க குடுக்கற பஞ்சு ஆவாதா?" என்று கேட்டாள் பீவி.

"அதெல்லாம் உங்க வியாபாரத்துக்கு, முதலாளியம்மா. இது மேடைக்கு" என்றார் அவர். சொன்னதில் தவறு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் பீவி ஒரு மூட்டையை இழுத்துப் போட்டாள். ஆயவில்லை, அடிக்கவில்லை. வந்தது வந்தபடி வெல்வெட் உறைக்குள் போகட்டும் என்றாள். அமிர்தவல்லி மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் பீவிக்கா. அவங்க கோவிச்சிக்கிட்டா இந்தக் குப்பையும் வராது. அப்புறம் நாம எங்க போறது?"

"இந்தக் குப்பையாலதான் என் பேரு போச்சு. அதுவும் போவட்டும்" என்றாள் பீவி. அள்ளிய கை பாதியில் நின்றது. "கம்பியை மட்டும் எடுத்துடு அமிர்தம். உக்கார்ற மனுசன் இன்னா பாவம் பண்ணாரு?" பொறுக்கிய கம்பித் துணுக்குகளை ஒரு சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றதெல்லாம் உள்ளே போனது. மேலே அமிர்தவல்லி, புண் முழுதாக ஆறாத கையோடு, முத்திரையை மிக அழகாகத் தைத்தாள்.

விழாப் பந்தலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் அவர்களை உட்கார்த்தினார்கள். மானேஜர் பேசினார். இந்த நகரத்துச் சிறு தொழில்களெல்லாம் கம்பெனியின் நிழலில் எப்படித் தழைக்கின்றன என்று விவரித்தார். தழைக்கத் தழைக்கத் தலைவர் நெளிய ஆரம்பித்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், மாலையைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் மெத்தையை உருவி மடியில் வைத்துப் பார்த்தார். அவர் அதன் அழகில் மயங்கிவிட்டதாக ஜானகிராமன் நினைத்துக்கொண்டார். உடனே ஒலிபெருக்கியைப் பிடித்து, ஐயா கையிலிருப்பது கம்பெனியின் உதவியால் வாழ்வு பெற்ற ரோஷன் பீவி அம்மாளின் கைவேலை என்று அறிவித்து, அவளை மேடைக்கு அழைத்தார். பந்தல் கைதட்டியது. அமிர்தவல்லி பீவியின் துப்பட்டியைப் பிடித்து இழுத்தாள். பீவி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டுப் படியேறினாள்.

தலைவர் கோபப்படவில்லை. "ஏம்மா, உள்ள என்ன வெச்சிருக்கீங்க?" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் பந்தல் முழுக்கக் கேட்டது.

"கம்பெனி எங்களுக்குக் குடுக்கறதுதாங்க" என்றாள் பீவி.

இடுப்புக் கத்தரிக்கோலை எடுத்தாள். வழக்கம்போல் இரண்டு கண்ணியோடு நிறுத்தவில்லை. ஒரு பக்கத் தையலை முழுதாகப் பிரித்தாள். கையை உள்ளே விட்டு, கறுத்துப்போன சிக்கும் குழல் துண்டும் பீடியுமாக ஒரு பிடி அள்ளி அவர் முன்னால் மேஜையில், பூச்செண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு சுருக்குப் பையைத் திறந்து அவருடைய உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

"இதுவும் அதுல இருந்ததுதான். உங்களுக்குக் குத்தக் கூடாதுன்னு எடுத்து வெச்சேன்."

மானேஜர் ஜானகிராமனைப் பார்த்தார். ஜானகிராமன் வியர்வை வழிய அவள் அருகே குனிந்து, "அம்மா, தைச்சுடுங்க. எல்லாரும் பாக்கறாங்க, சீக்கிரம் தைச்சு மூடிடுங்க" என்று கெஞ்சினார்.

பீவியின் கை, பழக்கத்தில், தோளில் இருந்த ஊசிக்குப் போனது. ஊசியைத் தொட்டது. பிறகு அதை விட்டுவிட்டு, துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, மெத்தை வாய் பிளந்து கிடக்க மேடையை விட்டு இறங்கினாள்.