டவுன் பஸ்ஸில் போன பயிற்சி நாள்

எங்கள் கல்லூரியின் சுற்றுலாத் துறை மாணவர்கள் கடைசி ஆண்டில் வெளியிடங்களுக்கு வேலைப் பயிற்சிக்குப் போவார்கள். அவர்களைப் போய்ப் பார்த்து வருவது என் பொறுப்பு. அந்த ஆண்டு நான் அதிகம் கவலைப்பட்டது திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பற்றித்தான். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால்கூடப் பெஞ்சைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். காரைக்குடியில், பழைய செட்டியார் வீட்டை மாற்றியமைத்த ஓட்டலில், வரவேற்பு மேசையில் அவளுக்கு இடம் கிடைத்தது.

முதல் வாரம் தினமும் சாயங்காலம் போன் வரும். “மேடம், எனக்கு இங்கிலீஷ் வரமாட்டேங்குது. வந்துரட்டுமா?”

“நாளைக்கு ஒரு நாள் பாரும்மா” என்பேன். மறுநாளும் அதையே சொல்வேன்.

பிறகு போன் நின்றுவிட்டது. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

வாசலில் ஒரே அமளி. பிரான்ஸிலிருந்து வந்த வயதானவர்கள் கூட்டம் ஒன்று தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டு நிற்கிறது. வேன் கிளம்பவில்லை. மேலாளர் மெக்கானிக்கைத் தேடிப் போயிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுக்கும் என்று நினைத்தேன். “நல்ல நேரத்துல வந்தீக மேடம்! கடைசியா நடந்து வந்து, யாரும் தவறிறாமப் பாத்துக்கிறீகளா? மத்தியானம் நடை சாத்திருவாக” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். கூட்டம் அவள் பின்னால் நடந்தது. நானும் நடந்தேன்.

டவுன் பஸ் ஒன்று நிறுத்தத்தைத் தாண்டி நகரத் தொடங்கியிருந்தது.

“அண்ணே! நிப்பாட்டுங்கண்ணே!”

தெருவே திரும்பிப் பார்த்தது. பஸ் நின்றது. அது அவள் குரல்தான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கண்டக்டருக்கு ஒரு சந்தேகம். “பொம்பளைகளுக்கு பஸ் இலவசம், சரி. இவுகளுக்குமா?”

“இவுகளும் பொம்பளைகதானேண்ணே?”

கண்டக்டர் யோசித்தார். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா தீர்ப்புச் சொன்னார்: “நம்ம ஊருக்கு வந்துட்டாகள்ல, குடுய்யா!”

அந்த இலவச டிக்கெட்டுகளை வெள்ளைக்காரப் பெண்கள் பரிசு வாங்கியவர்கள் மாதிரி தூக்கிக் காட்டினார்கள். காசு கொடுத்த கணவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள்.

ஒரு திருப்பத்தில் நெட்டையான தாத்தா ஒருவர் பிடி நழுவிப் பூக்கூடைப் பக்கம் சாய்ந்தார். “எங்க வேணாலும் விழுங்க, பூவு மேல விழாதீக!” என்று அந்த அம்மா அலறினார். என் மாணவி உடனே மொழிபெயர்த்தாள்: “யூ ஃபால், ஓகே. ஃப்ளவர் மேல, நோ!”

பஸ் முழுக்கச் சிரிப்பு. அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மதிப்பெண் போட வந்தவள் என்பதே மறந்து நின்றேன்.

நடை சாத்துவதற்குள் தரிசனம் ஆயிற்று. திரும்பி வந்தபோது ஓட்டல் வாசலில் மேலாளர் கடுகடுவென்று நின்றிருந்தார். “யாரைக் கேட்டு பஸ்ல கூட்டிட்டுப் போன?”

அவள் தலை குனிந்தது. பழைய குரல் வந்தது. “நடை சாத்திருவாகன்னு...”

நான் வாயைத் திறப்பதற்குள் நெட்டைத் தாத்தா முன்னால் வந்தார். காதில் பூ செருகியிருந்தார். “டுமாரோ ஆல்சோ பஸ்?” என்று ஆசையாகக் கேட்டார்.

மேலாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வேன் சரியாயிருச்சுன்னு சொல்லும்மா” என்றார், இறங்கிய குரலில்.

அவள் சொன்னாள். கூட்டம் மொத்தமும் ஒரே குரலில், “நோ!”