வாய்தா அக்கா பேசிய மத்தியானம்

எங்கள் கோர்ட்டில் அவளை எல்லோரும் வாய்தா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைக்கச் சொல்லி எழுந்து கேட்பதுதானே வாய்தா, அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கேலிக்கு வைத்த பெயர்தான். அக்கா அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டாமா?

ஜூனியராகச் சேர்ந்தபோது கருகருவென்று இருந்த முடி காதோரம் வெளுத்துவிட்டது. ஜூனியர் மட்டும் இன்னும் ஜூனியர்தான். அவளுக்குப் பின்னால் வந்த பையன்களெல்லாம் தனி ஆபீஸ் போட்டு வாசலில் பலகையும் மாட்டிவிட்டார்கள். சீனியர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அம்மா, அம்மா என்று மரியாதையாகத்தான் பேசுவார். மனுவை எழுதுவதும் சட்டத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதும் அக்கா, எழுந்து நின்று பேசுவது அவர். அவரால் வர முடியாத அன்று மட்டும் அக்கா எழுந்திருப்பாள், வாய்தா கேட்க.

அதற்கென்றே அவளுக்கு ஒரு குரல் வந்துவிட்டது. தலை லேசாகக் குனியும், கை கருப்பு அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும், "ஐயா, சீனியர் வேற கோர்ட்ல இருக்கார், ஒரு தேதி கொடுத்தா நல்லா இருக்கும்" என்று மூச்சு விடாமல் வரும். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அதைத்தான் சொல்லுவாள்.

போன மாதம் எங்கள் சங்கத்தில் பெண் வக்கீல்களின் தன்னம்பிக்கைக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். பேச வந்த அம்மையார் தினமும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகச் சொன்னார். எங்கள் அறையில் கண்ணாடி ஏது? கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்கிறோம். கைதட்டிவிட்டு வந்து சேர்ந்தோம்.

அன்று நீண்ட விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் மனு வருவதாக இருந்தது. அவரைக் காலி செய்ய வைக்க, கட்டடக்காரர் கடைக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டார். மெஷின்கள், வாடிக்கைக்காரர்கள் கொடுத்த துணிகள், எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. பூட்டைத் திறக்கச் சொல்லிப் போட்ட மனுவுக்கு வாய்தாமேல் வாய்தா. இன்றைக்கும் தள்ளிப்போனால் விடுமுறை முடிந்துதான், அதற்குள் இருக்கிற வாடிக்கையும் கைவிட்டுப் போய்விடும். காலையில் சீனியர் ஃபோன் செய்தார். "இன்னைக்கு அங்க வர முடியாதும்மா, வாய்தா வாங்கிடு."

அக்கா வராந்தாவில் நின்ற தையல்காரம்மாவிடம் நேராகப் போனாள். "சார் வரல. பரவாயில்ல, இன்னைக்கு நானே பேசுறேன்," என்றாள். அப்பாடா, இப்போதாவது வழி பிறந்ததே என்று எனக்கு இருந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தாள். தலை குனிந்தது, கை அங்கி ஓரத்தைப் பிடித்தது.

"ஐயா, சீனியர் வேற கோர்ட்ல இருக்கார், ஒரு தேதி கொடுத்தா நல்லா இருக்கும்."

நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விடுமுறைக்கு அப்புறம் ஒரு தேதியைப் போட்டுவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்துவிட்டார். சொன்னது தான்தான் என்பதே அக்காவுக்கு உறைக்கவில்லை, அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

தையல்காரம்மா சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவாயில்ல மேடம், பழகிடுச்சு," என்று சொல்லிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேற எதுவும் வராது போலடி. வாயைத் திறந்தா அதுதான் வருது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ வீட்டுக்குப் போ. போகும்போது அந்தம்மாகிட்ட சொல்லிட்டுப் போ, மெஷினெல்லாம் துருப்பிடிக்கட்டும்னு."

"ரொம்ப அசதியா இருக்குடி."

"எனக்கு மட்டும் இல்லையா? எந்திரிக்கா. மறுபடி கூப்பிடச் சொல்லிக் கேளு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். சீனியர்னு ஆரம்பிச்சே, காலை மிதிச்சிடுவேன்."

சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மத்தியானம் கோர்ட் கூடியதும் முதல் ஆளாக நின்றாள். "ஐயா, காலையில வாய்தா கேட்டது என் தப்பு. தையல்கடை மனுவை இன்னைக்கே கேட்கணும்னு வேண்டிக்கிறேன்."

"சீனியர் வந்துட்டாராம்மா?"

நான் காலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"வரலைங்க ஐயா. மனுவை எழுதினது நான்தான். நானே பேசுறேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் தாராளமாகக் கையை விரித்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். வாய்தா அக்காதானே என்கிற தெனாவெட்டு.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. குரல் கம்மியது. நடுவில் ஒரு தாளைத் தேடித் தடுமாறினாள், நான்தான் கீழே கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் கோர்ட் உத்தரவு இல்லாமல் பூட்டு போடக் கட்டடக்காரர் யார் என்று கேட்டவள், பதில் வரும்வரை விட்டேனா பார் என்று நின்றாள். நீதிபதி கேட்டதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. இருக்காதா பின்னே, இத்தனை வருஷமாக சீனியரின் வாயில் வந்ததெல்லாம் இவள் எழுதிக் கொடுத்ததுதானே. எதிர்த்தரப்பு மழுப்பிப் பார்த்தார், எடுபடவில்லை. சாயங்காலத்துக்குள் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவானது.

வராந்தாவில் தையல்காரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நல்லா பேசுறீங்களே மேடம். முதல்லயே நீங்க பேசியிருக்கலாமே?"

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

அப்போது பார்த்து சீனியர் கூப்பிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஃபோனைச் சத்தமாக வைத்தாள்.

"என்னம்மா, வாய்தா கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்," என்றாள் அக்கா. "வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டேன்."