வீட்டில் ஆண்கள் யாராவது உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லண்டன் இல்ஃபோர்ட்டில் ஒரு வீட்டு வாசலில், மழைத் தூறலில் நின்றுகொண்டு ஒரு உண்மையை அறிந்தேன். நாற்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், டிரைவிங் லைசென்ஸ், வாராவாரம் உங்களோடு கதைக்க இந்தப் பக்கம் — எல்லாம் இருந்தும் நான் கணக்கில் இல்லை!

சொன்னவன் ஒரு அமெரிக்கப் பையன். இருபது வயதுதான் இருக்கும். மிகவும் மரியாதையாகச் சொன்னான். அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஈஸ்ட் ஹாமில் என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி சிவபாதம் அண்ணை இருக்கிறார். பெயரை மாற்றியிருக்கிறேன். அவருக்கு இந்தப் பத்தி வாசிக்கிற பழக்கமில்லை. வாசித்தால் இன்னும் நல்லது. கவுன்சிலில் வேலை, கோயிலில் நிர்வாகம், வாயில் எப்போதும் ஒழுக்கம். மனைவி பரமேஸ் அக்கா. ஒரே மகள் வத்சலா, பார்மசிஸ்ட். போன வருஷம் வத்சலா வீட்டை விட்டுப் போய், மார்ட்டின் என்ற வெள்ளைக்காரனோடு இல்ஃபோர்ட்டில் குடியிருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

"அவளின்ர வாசல்படி மிதிச்சா நான் சிவபாதம் இல்லை" என்று அண்ணை சபதம் போட்டார். சும்மா போடவில்லை... கோயிலில், ஐயருக்கு முன்னால், நாலு பேர் கேட்கப் போட்டார். அன்றிலிருந்து அக்கா அவர் வேலைக்குப் போன பிறகு ஒளித்து ஒளித்து மகளுக்கு டெலிபோன் எடுக்கிறா. சொந்தப் பிள்ளையோடு கதைக்கக் கள்ளி மாதிரி நடக்க வேண்டியிருக்கிறது!

இந்த நிலையில்தான் அந்தப் பையனும் அவனுடைய கூட்டாளியும் வந்து சேர்ந்தார்கள். நீங்களும் கண்டிருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். மோர்மன் மதத்தைப் பரப்ப வீடு வீடாகப் பெல் அடிப்பவர்கள். பேட்ஜில் 'எல்டர்' என்று போட்டிருக்கும். மூத்தவராம்! மூத்தவருக்கு இன்னும் முகப்பரு மாறவில்லை.

எங்கள் தெருவில் இவர்களைக் கண்டதும் எல்லோரும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, வீட்டில் இல்லாத மாதிரி இருந்துவிடுவோம். சிவபாதம் அண்ணை மட்டும் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா. குடிக்க மாட்டார்களாம். கோப்பியும் இல்லையாம். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் எப்படி வழியனுப்புவது? கடைசியில் பாலைக் காய்ச்சிச் சீனி போட்டுக் கொடுத்தா.

தேத்தண்ணி வேண்டாம் என்றதிலேயே அண்ணை பாதி விழுந்துவிட்டார். மிச்சப் பாதிக்கு அவர்களின் கொள்கை போதுமாயிருந்தது. கல்யாணத்துக்கு முன் எந்தத் தொடர்பும் கூடாது. ஊழியம் செய்யும் இரண்டு வருஷமும் ஒரு பெண்ணோடு படம் பார்க்கக்கூடப் போகக் கூடாது. தவறு செய்தால் மனம் வருந்தி, ஒப்புக்கொண்டு, திருந்த வேண்டும்.

மறுநாள் என்னிடம் ஓடிவந்தார். "தங்கச்சி, வெள்ளைக்காரங்களுக்குள்ளயும் மனிசர் இருக்கிறாங்கள்! கற்பு எண்டா என்னெண்டு எங்கட ஆக்களுக்கே இவங்கள்தான் வந்து சொல்ல வேணும் போலக் கிடக்கு."

"ஆம்பிளையளுக்கும் அதே சட்டம்தானாமே அண்ணை?" என்று கேட்டேன்.

அவருக்குக் காது கேட்கவில்லை. நம்மவர்களுக்கு இந்த இடத்தில் மட்டும் எப்படித்தான் காது அடைக்கிறதோ!

இன்னொன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. உண்மையாகத் திருந்தியவரின் பாவத்தை ஆண்டவர் பிறகு நினைத்தும் பார்க்க மாட்டார் என்று பையன்கள் சொன்னார்களாம். அண்ணை அதை ஏற்கவில்லை. "அது கடவுளுக்குச் சரி வரும் தங்கச்சி. அவருக்கு ஈஸ்ட் ஹாமில சொந்தக்காரர் இல்லை."

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்தப் பையன்களை வத்சலாவிடம் கூட்டிப் போய்ப் புத்தி சொல்ல வைப்பது! "நான் சொன்னா ஊர்ப்பழக்கம் எண்டுவாள். வெள்ளைக்காரன் சொன்னாக் கேப்பாள்." அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. என்னிடம் கார் இருக்கிறது. மாட்டேன் என்றுதான் சொல்ல வாய் எடுத்தேன். பரமேஸ் அக்கா சமையலறைக்குள் இழுத்துப் போய் என் கையைப் பிடித்தா. "போ பிள்ளை. அவர் அந்தத் தெருவுக்காவது போகட்டும்" என்றா. அதற்குப் பிறகு என்ன சொல்ல?

இதில் ஒரு கூத்து. மகளைப் பார்க்கப் போகும் தகப்பன் தங்களையும் கூட்டிப் போகிறார் என்று பையன்கள் நினைத்தார்கள். அண்ணை நினைத்ததோ — பையன்கள் உள்ளே போவார்கள், தான் காருக்குள் இருப்பார். சபதமும் உடையாது, கண்டிப்பும் நடக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

நான் பெல் அடித்தேன். வத்சலா கதவைத் திறந்தாள். முகம் வெளிறி, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். பின்னால் நின்ற இரண்டு டைகளையும் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அன்ரி, ஹூ ஆர் தே?"

நான் பதில் சொல்வதற்குள் இருவரில் குட்டையான பையன் இங்கிலீஷில் கேட்டான். "வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா, மேடம்?"

"மார்ட்டின் வேலைக்குப் போய்விட்டார். ஏன்?"

"அப்படியானால் நாங்கள் உள்ளே வர முடியாது. மன்னிக்க வேண்டும்."

"நான் உங்களை வரச் சொல்லவே இல்லையே!" என்றாள் வத்சலா. நியாயமான பேச்சு.

பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் கால் வைப்பதில்லையாம். ஒரு ஆணாவது கூட இருக்க வேண்டுமாம். கற்பு விஷயத்தில் அவ்வளவு கவனம்.

"நான் இருக்கிறேனே, தம்பி" என்றேன்.

"நீங்களும் பெண் அல்லவா, மேடம்?"

கேளுங்கள்! ஒரு பெண் இருந்தால் ஆபத்து, இரண்டு பெண்கள் இருந்தால் இன்னும் ஆபத்தா? ஒருத்தி ஏழு மாதம். மற்றவளுக்கு முழங்கால் வலி. இவர்களை நாங்கள் என்ன செய்துவிடப் போகிறோம்? அண்ணைக்கு இவர்கள்மேல் ஏன் அவ்வளவு பிடிப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

குட்டையன் காரடிக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினான். "சார், நீங்கள் வந்தால்தான் நாங்கள் உள்ளே போகலாம்."

"ஐ காண்ட்" என்றார் அண்ணை, நேரே பார்த்துக்கொண்டு.

"அப்படியானால் நாங்களும் போக முடியாது, சார்."

அண்ணை அசையவில்லை. அவனும் அசையவில்லை. மழை கொஞ்சம் பலத்தது. வத்சலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா காருக்குள் இருப்பதை அப்போதுதான் கண்டாள். ஆனாலும் கதவை மூடவில்லை.

அந்த நேரம் எதிர்வீட்டு மேல்மாடியில் திரை விலகியது. எங்கள் ஆட்கள்தான். கோயிலில் அன்னதானத்துக்கு முதல் வரிசையில் நிற்கும் குடும்பம். அண்ணை நிமிர்ந்து பார்த்தார். நிறைமாதத்தை எட்டும் மகள் வாசலில்... மழையில் இரண்டு வெள்ளைக்கார வாலிபர்கள்... தகப்பன் காருக்குள். நாளைக்கு இதை எப்படியெல்லாம் கதைப்பார்கள்?

படாரென்று காரைத் திறந்துகொண்டு இறங்கினார். "உள்ளுக்க நடவுங்கோ எல்லாரும்! சனம் பாக்குது!"

இத்தனை மாதம் சனத்துக்குப் பயந்து வெளியே நின்றவர், அதே சனத்துக்குப் பயந்து உள்ளே போனார். இவரை என்ன செய்வது?

முன்னறையில் எல்லோரும் இருந்தோம். குட்டையன் முகம் சிவந்து, கைகளைப் பிசைந்தபடி தன் பாடத்தைச் சொன்னான். நீங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், இப்படி வாழ்வது பிழை என்று நான் நம்புகிறேன் என்றான். சுற்றி வளைக்கவில்லை. அண்ணை தலையாட்டினார். வத்சலா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

பிறகு அவன் அண்ணை பக்கம் திரும்பினான். "என் அக்காவுக்கும் இப்படித்தான் நடந்தது, சார். பிழை பிழைதான் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். ஆனால் விஷயம் தெரிந்த இரவே போய் அவளைக் கூட்டிவந்தவரும் அப்பாதான். அவள் வருந்துவது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விஷயம், அதுவரைக்கும் நான் அவளுடைய அப்பாதானே என்றார்."

அண்ணையின் தலையாட்டல் நின்றுவிட்டது. ஆளை நம்பிக் கூட்டிவந்தால் கட்சி மாறிவிட்டான்! மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைக் கீழே இறக்கினார். அங்கே வத்சலாவின் கால்கள் இருந்தன. இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் கிடந்தன.

"உப்பைக் குறை" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"கால் வீங்கியிருக்கு. உப்பைக் குறை. பிரஷர் பாத்தவையோ?"

மகள் பார்மசிஸ்ட். அவளுக்கு உப்பைப் பற்றிப் பாடம்! எனக்குச் சிரிப்பு வந்தது. வத்சலாவுக்கு வரவில்லை. அவள் உடைந்து அழுதாள்.

"இதைக் கேக்க ஒரு டெலிபோன் காணாதா அப்பா? ஒரே ஒரு டெலிபோன்?"

அண்ணை அவள் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். வெளிக்கிடும்போது கதவுச் சங்கிலி பலமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். நம் அப்பாமார்கள் பாசத்தை இப்படித்தான் காட்டுவார்கள். டியூஷனுக்குக் கூட்டிப் போவார்கள், பரீட்சைக்கு விரதம் இருப்பார்கள், பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். வாயால் ஒரு வார்த்தை வராது. எனக்கு அலுத்துவிட்டது. பிள்ளைகள் எல்லாவற்றையும் எத்தனை காலத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை கோயிலில் கேட்டவர்களுக்கு அண்ணை விளக்கம் கொடுத்தாராம். "நான் போகேல்லை. பொடியளுக்குத் துணைக்குப் போனனான்." சபதம் அப்படியே இருக்கிறதாம்!

நேற்று எனக்குப் போன் எடுத்தார். பையன்கள் இருவரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அவர்களுக்கு அது வழக்கம்தானாம்.

"தங்கச்சி, வேற ரெண்டு பேர் வருவாங்களோ? இந்த ஞாயிறும் ஒருக்காப் போய்..."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, கற்பைப் பற்றி அவளுக்கு இனிச் சொல்ல என்ன கிடக்கு? பிள்ளை பிறக்கப் போகுது!"

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அதில்லை, தங்கச்சி... நான் தனியப் போய் நிண்டா, அவள் கதவைத் திறந்த உடனே என்ன சொல்லுறது?"

எவ்வளவு பேசுகிற மனிதர்! எனக்குக் கோபம் வந்தது. கோபமாகத்தான் இருக்க வேண்டும்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை. பெல்லை மட்டும் அடியுங்கோ!"