நிருஷன் ஏறிய பாய்வள்ளம்

கண்டாவளை ஊர்க்காரன் நிருஷன் யாரையும் இலேசில் நம்பமாட்டான். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன முகவர் ஒருவன், பாதிவழியில் அவனை ஓர் அறைக்குள் விட்டுவிட்டுக் கடவுச்சீட்டோடு தலைமறைவாகியிருந்தான். ஒருவாறு ஊர் திரும்பி, வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டர்களையும் வள்ளங்களின் எஞ்சின்களையும் திருத்திப் பிழைத்தவனுக்கு, பசிபிக் கடலின் கிரிபாட்டித் தீவுகளில் ஒரு மீன் கொம்பனியில் வேலை கிடைத்தது.

"கண்டபடி ஆக்களை நம்பிப்போடாதேங்கோ" என்று சொல்லித்தான் மனைவி கிருசாந்தி அனுப்பினாள்.

மேற்கேயுள்ள பவளத்தீவொன்றில் ஐஸ் அறை பழுதென்று கொம்பனி ஒருநாள் அவனை அனுப்பியது. எரிபொருள் தட்டுப்பாட்டால் எஞ்சின் படகுகள் ஓடவில்லை; தெபாவு என்ற கிழவரின் சிறிய பாய்வள்ளம்தான் அகப்பட்டது. நிருஷன் கடவுச்சீட்டைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான். தெபாவு சீவித் தந்த இளநீரைக்கூட, அவர் குடிக்கும்வரை வாயில் வைக்கவில்லை.

பின்னேரம் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கவேண்டும். அவனுக்கோ வலது கன்னம் சுட்டது. வள்ளம் தெற்கே திரும்பியிருந்தது.

"எங்கே போகிறோம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"காற்று மாறிவிட்டது" என்றார் தெபாவு, அவன் முகத்தைப் பாராமல்.

காற்று காலையில் அடித்தது போலக் கிழக்கிலிருந்துதான் அடித்தது. நிருஷன் பெரிய ஸ்பனரை மெல்ல மடிக்கு எடுத்தான். ஆளை அடித்து விழுத்தினாலும் பிறகு எந்தக் கயிற்றை இழுப்பது? அது அவனுக்குத் தெரியாது. ஸ்பனரைக் கீழே வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் தென்னைகள் தெரிந்தன. இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் நின்று கையசைத்தாள். தெபாவின் தங்கை. கரையில் ஓலைப்பாய்க்குக் கீழே ஒரு படகு எஞ்சின் கிடந்தது. அந்தத் தீவில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்த ஒரே எஞ்சின், பழுதாகி மாதக்கணக்காம்.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்று நிருஷன் கத்தினான்.

"சொன்னால் வந்திருப்பாயா?"

வந்திருக்கமாட்டான். முணுமுணுத்துக்கொண்டே எஞ்சினைக் கழற்றினான். மறுநாள் மத்தியானம் அது இரைந்தபோது, தங்கைக்காரி அவனுடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஐஸ் அறைத் தீவுக்குப் பிந்தி வந்ததற்கு, அங்கேயிருந்த கொம்பனி மேலாளர் காரணம் கேட்டார். "காற்று மாறிவிட்டது" என்றான் நிருஷன்.

கிருசாந்தி தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தாளை நம்பலாமோ?" என்றாள்.

"நம்பேலாது" என்றான். "ஆனா திரும்பிப் போகேக்கையும் அவரின்ரை வள்ளத்திலைதான் போறன்."