இறக்கையில் இரண்டு வண்ணம்

என் மகன் விமானப்படையில் சேர விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வையும் ஓட்டத்தையும் கடந்து, மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோனான். காரணம் கண் என்றார்கள். பார்வையில் அவனுக்குக் குறை கிடையாது. எதிரே வரும் பேருந்தின் பெயர்ப் பலகையை என்னைவிட வெகு தொலைவிலேயே படித்துவிடுவான். ஆனால் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, அப்புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் எண்ணைச் சொல்லும்படி கேட்டபோது, அவனுக்கு அங்கே எண் எதுவும் தென்படவில்லை. பச்சைக்கும் செம்பழுப்புக்கும் உள்ள வேறுபாடு அவன் கண்ணுக்கு எட்டாதது என்பது அன்றுதான் அவனுக்கும் எங்களுக்கும் தெரிந்தது. இலை பச்சை, மண் பழுப்பு, தக்காளி சிவப்பு என்று பிறர் சொல்லக் கேட்டவற்றையெல்லாம் தானே பார்த்து அறிந்தவையாக அவன் அதுவரை எண்ணியிருந்தான்.

இது 2009ஆம் ஆண்டில் நடந்தது. அப்போது சிதம்பரத்தில், ரயிலடிக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் குடியிருந்தோம். நான் காட்டுமன்னார்கோயிலில் ஓர் அரிசி ஆலையில் எடை போடும் வேலை பார்த்து ஓய்ந்தவன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவனல்லன். பிறகு கற்றதெல்லாம் நூலகத்து மேசையில் கற்றது. ஆகவே மகன் திரும்பி வந்த மறுநாள் நான் நூலகத்துக்குத்தான் போனேன். அக்குறை பிறவியிலேயே வருவது, அதற்கு மருந்தில்லை, தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இறங்குவது. அங்கிருந்த மருத்துவப் புத்தகத்தில் இவ்வளவுதான் இருந்தது. முதல் இரண்டையும் மகனிடம் சொன்னேன். மூன்றாவதை என் மனைவி தாங்கமாட்டாள் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன்.

மகன் நான் சொன்னதை ஏற்கவில்லை.

"இன்னொரு தடவை கண்ணக் காட்டலாம்னு அவுங்களே சொல்லியிருக்காங்கப்பா. அடுத்த மாசம் தாம்பரத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. பாக்கப் பாக்கப் பழகிடும்."

"பழகுற விஷயமாடா இது?"

"சைக்கிள் பழகல? நீச்சல் பழகல? அது மாதிரிதான்."

எழுத்துத் தேர்வில் அவன் தேறிய மகிழ்ச்சியில் அவனுடைய மாமன் ஒரு பரிசு வாங்கித் தந்திருந்தார். என் மனைவியின் தம்பி அவர்; கடலூர் முதுநகரில் ஆணி, பூட்டு, பெயிண்ட் விற்கும் கடை வைத்திருந்தார். சரக்கெடுக்கச் சென்னைக்குப் போனவர், இரண்டாம் உலகப் போரில் பறந்த ஆங்கிலேயப் போர் விமானம் ஒன்றின் சிறு மாதிரியை, பாகம் பாகமாக அட்டைப் பெட்டியில் அடைத்து விற்பதை, வாங்கி வந்தார். பெட்டியின் மேல் வரைந்திருந்த படத்தில் அவ்விமானத்தின் முதுகும் இறக்கைகளும் கரும்பச்சையும் மண்நிறமுமாகத் திட்டுத்திட்டாக இருந்தன. உயரத்திலிருந்து பார்க்கும் பகைவனுக்கு விமானம் எது, நிலம் எதுவென்று தெரியாதிருக்கும் பொருட்டு அவ்வாறு பூசினார்களாம். அவ்விரு வண்ணங்களையும் சிறு டப்பாக்களில் தம் கடையிலிருந்தே மச்சான் கொடுத்தனுப்பியிருந்தார்.

பிரிக்கப்படாமல் கிடந்த அந்தப் பெட்டியை மகன் இப்போது எடுத்தான். எடுக்கும்போதே ஒரு தீர்மானத்தையும் சொன்னான். யாரையும் கேட்காமல், கண்ணாலேயே இரு வண்ணங்களையும் பிரித்தறிந்து பூசி முடித்தால் தாம்பரத்துக்குப் போவான், முடியாவிட்டால் போவதில்லை.

"நடுவுல நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இது பச்சை, அது மண்ணுன்னு அம்மா வாயத் தொறந்தாங்கன்னா எல்லாம் வீணாப் போயிடும்."

"நான் எதுக்குடா தொறக்குறேன்?" என்றாள் அவன் தாய். "சாப்புட மட்டும் நீ வாயத் தொற, போதும்."

விமானத்தைக் கட்டிய அந்த நாட்களை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்தபடி இருந்த பாகங்களைச் சவர பிளேடால் அறுத்தெடுத்து, அறுத்த இடத்தின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, பசை வைத்துப் பொருத்தினான். பசை இறுகும் வரை இறக்கைகளைத் துணி காயப்போடும் கிளிப்புகள் பிடித்துக்கொண்டிருந்தன. விமானி அமரும் இருக்கை என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. அதற்கும் இடைவார் இருந்தது. மின்சாரம் நின்று விசிறி ஓயும்போது எல்லாவற்றையும் முறத்தில் வைத்து மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போவான். ஊருக்குத் திரும்பியதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், வீட்டில் இருப்பவர்களோடு பேசத் தொடங்கினான். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. நடக்காது என்று அறிந்திருந்தும், நடந்துவிடுமோ என்று நானும் அவ்வப்போது எண்ணத் தொடங்கியிருந்தேன்.

பூச்சு வேலைக்கு முன் பெட்டிப் படத்தைப் பார்த்து இறக்கைகளின் மேல் பென்சிலால் எல்லைக்கோடு வரைந்தான். பச்சை வரவேண்டிய இடத்தில் 'ப' என்றும், மண்நிறம் வரவேண்டிய இடத்தில் 'ம' என்றும் சிறிதாக எழுதினான். பிறகு இரண்டு டப்பாக்களையும் தண்ணீரில் ஊறவைத்து, மேலே ஒட்டியிருந்த தாள்களை உரித்தெறிந்தான். கண்ணை மூடிக்கொண்டு டப்பாக்களை இடம் மாற்றி மாற்றி வைத்தான். கண்ணைத் திறந்து இரண்டையும் வெகுநேரம் பார்த்தான். பச்சை இதுதான் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்.

அது சரியான டப்பா. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதற்பூச்சு பெரும்பாலும் பிசகில்லாமல் அமைந்தது. ஆனால் அது உலர்ந்ததும் அவன் எழுதிய எழுத்துகளும் வரைந்த கோடுகளும் வண்ணத்துக்குள் மறைந்துவிட்டன. மறுநாள் இரண்டாம் பூச்சுக்கு உட்கார்ந்தவனுக்கு எது எங்கே முடிகிறது என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை. வெயில் படும்படி விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பூசத் தொடங்கினான். முடித்தபோது இடது இறக்கை முழுதும் ஒரே பச்சையாகி வால்வரை ஓடியிருந்தது. வலது இறக்கையில் மண்நிறத் திட்டின் நடுவே பச்சை புகுந்து, கரை ஒதுங்கிய பாசிபோல் கிடந்தது.

அவன் எங்களைக் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்ததால் நாங்களும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கடலூரிலிருந்து வந்தார். படியேறும்போதே அவர் குரல் கேட்டது.

"எங்கடா மாப்ள, பிளேனு ரெடியா? வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறி உக்காந்துடவா?"

"நீங்க ஏறுனா அது எழும்பவே எழும்பாது மாமா."

"வெயிட்டு ஜாஸ்திதான்டா, என்னா பண்றது? உங்க அத்தை சமையல் அப்படி."

விமானத்தைக் கையில் வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெட்டிப் படத்தைப் பார்த்தார். மறுபடி விமானத்தைப் பார்த்தார்.

"அடேங்கப்பா! எக்கா, இங்க வந்து பாரு. படத்துல இருக்குற மாதிரியே அச்சு அசலா இருக்குது."

"கலரு சரியா இருக்குதா மாமா?" என்றான் மகன்.

"கலருக்கு என்னாடா கொறச்சல்? ஒரு எடத்துல கூட பெசகல."

மகனின் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப நான் போறேன் மாமா. தாம்பரத்துக்குப் போறேன்" என்றான்.

காபித் தம்ளரோடு நின்றிருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். தன் தம்பி வேடிக்கைக்குச் சொன்னாரா, மருமகன் மனம் நோகாதிருக்கச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, அந்த இறக்கையில பச்சை எதுன்னு தொட்டுக் காட்டு" என்றாள்.

"என்னாக்கா, எனக்கே பரிட்சையா?" என்று சிரித்தபடி மச்சான் விரலை வைத்தார். வைத்த இடம் மண்நிறம். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு விரலை நகர்த்தினார். "இது... இல்ல, இதுவா? ஏன்க்கா, எல்லாம் ஒரே மண்ணு கலராத்தான இருக்குது? மிலிட்டரி சாமான்னா அப்படித்தான இருக்கும்."

"கடையில பெயிண்ட்டு எப்படிடா விக்கிற?"

"டப்பாவுல நம்பரு இருக்குதுல்ல. நம்பரைப் பாத்து எடுத்துக் குடுப்பேன்."

என் மனைவி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சின்ன வயசுல வடலூர்ல பூசத்துக்குப் போனா அப்பா இவனத் தோள்ல தூக்கி ஜோதியக் காட்டுவாரு. ஏழு திரையும் ஒண்ணொண்ணா வெலகும். பச்சைத் திரை போயி செவப்புத் திரை வந்தது இவனுக்குத் தெரியவே தெரியாது. இன்னும் அதே திரைதான் தொங்குதும்பான். நாங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம்." பிறகு மகனைப் பார்த்தாள். "எங்க வீட்டுலேந்துதான்டா உனக்கு வந்திருக்குது."

நான் மறைத்து வைத்திருந்தது இவ்வாறு தானே வெளிப்பட்டது.

மகன் தன் மாமன் கையிலிருந்து விமானத்தை மெல்ல வாங்கிச் செய்தித்தாளின் மேல் வைத்தான்.

"விடும்மா. மாமா என்னா பொய்யா சொன்னாரு? அவருக்குத் தெரிஞ்சதச் சொன்னாரு."

மாலையில் மச்சானைப் பேருந்து நிலையத்தில் ஏற்றிவிடப் போனேன். பேருந்தில் ஏறும் முன் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு கொறையும் இருந்தது இல்ல. வயல்ல நாத்து நின்னா பச்சை. அது எனக்குத் தெரியும். தெரியும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். வீடு திரும்பும் வழியில் மகனுக்குச் சொல்ல ஒன்று அகப்பட்டதாக நினைத்து, வந்ததும் அவனிடம் சொன்னேன்.

"உங்க மாமாவப் பாரு. இது தெரியாமயே கடை நடத்தி, பொண்ணு ரெண்டையும் படிக்க வச்சு, நல்லாத்தான இருக்காரு?"

"மாமா யாருகிட்டயும் போயி வானத்தக் கேக்கலப்பா" என்றான். "கேட்டவனத்தான் இல்லன்னு அனுப்புவாங்க."

நாட்கள் சென்றன. விமானம் பாதியில் நின்றது. பிசகிய திட்டுகளைச் சரிசெய்வது ஒரு பொழுது வேலைதான். "நான் வேணா தூரிகையத் தொட்டுச் சரி பண்ணிடட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீங்க சரி பண்ணா மட்டும் எனக்குத் தெரியவா போவுது?"

தாம்பரத்தில் வரச் சொல்லியிருந்த நாள் வந்தது. அன்று விடியலிலேயே அவன் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டதைக் கண்டு, அவன் தாய் இட்லி கட்டித் தரவா என்று கேட்டாள்.

"எங்க போறதுக்கும்மா?"

செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தான். இறக்கைகளில் ஒட்டவேண்டிய வட்டச் சின்னங்களைத் தட்டு நீரில் ஊறவைத்து, விரல் நுனியால் வழுக்கி இறக்கினான். வெளியே நீலமும் உள்ளே சிவப்புமாக அவை அச்சிடப்பட்டே வந்தவை. அவன் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றுமில்லை. துல்லியமாக ஒட்டினான். சக்கரங்களைப் பொருத்தினான். விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியை வைத்தான். கடைசியாக மூக்கில் செருகவேண்டிய விசிறி மட்டும் மிஞ்சியது. விசிறியைப் பசையில்லாமல் செருகினால் சுழலும், பசையிட்டால் அப்படியே நிற்கும். விருப்பம் போலச் செய்துகொள்ளலாம் என்று விளக்கத்தாளில் படம் போட்டிருந்தது.

அவன் பசைக் குழாயை எடுத்தான்.

"சுத்துற மாதிரி விடேன்டா" என்றேன்.

"எதுக்குப்பா?" என்று கேட்டான். என் பதிலை எதிர்பாராமல் விசிறியைப் பொருத்தி, பசை இறுகும் வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.